ஹேண்ட் கியர் இறுகினால் எங்கே தேடுவது?

ஸ்டியரிங் வீலுக்கு அடியில் இருக்கும் கியர் லீவர், அதாவது ஹேண்ட் கியர், பிடிக்க ஆரம்பித்தால் பலரும் செய்வது ஒரே காரியம். லீவர் உள்ளே நுழையும் இடத்தில் கைக்குக் கிடைத்த எண்ணெயைப் பீய்ச்சுவார்கள். அன்றைக்கு இளகும். கொஞ்ச நாளில் முன்னைவிட மோசமாகப் பிடிக்கும், ஏனென்றால் அந்த எண்ணெய் தெருப் புழுதியை இழுத்துச் சேர்த்துப் பசையாகிவிடும். அடுத்து, பட்டறையில் விட்டு ஸ்டியரிங் வீலைக் கழற்றச் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் கியர் பாக்ஸை இறக்குவார்கள். இந்த வரிசையே தலைகீழ். ஹேண்ட் கியர் வண்டியில் இறுக்கம் தெரிவது கையில். கோளாறு இருப்பதோ பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழே, இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில்.

அம்பாசடர், பியட் இரண்டையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வடசென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்ப் பக்கத் தெருக்களில் உறை போர்த்தி நிற்கும் பழைய வண்டிகளில் கண்ணில் படுவது இவைதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த அம்பாசடர் உத்தரப்பாராவில் 2014 வரை தயாரானது, ஆனால் பின்னால் வந்தவற்றில் பக்கெட் கியர், அதாவது தரையில் நிற்கும் கியர். பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பியட்டிலும் கடைசிக் கால வண்டிகளில் கியர் தரைக்கு இறங்கிவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1948இல் உருவான அசோக் மோட்டார்ஸ், லாரிக்குப் பேர் போவதற்கு முன்னால் எண்ணூரில் கோர்த்தது ஆஸ்டின் ஏ40 கார்களை. அந்தக் குடும்பத்தில் 1952இல் வந்த சோமர்செட்டுக்கும் ஹேண்ட் கியர்தான். யார் வீட்டு ஷெட்டிலாவது ஒன்று கிடந்தால் இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும்.

லீவர் என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

லீவருக்கு இரண்டு விதமான அசைவு உண்டு. வீல் பக்கம் இழுப்பது, டேஷ்போர்டு பக்கம் தள்ளுவது என்பது ஒன்று. மேலே தூக்குவது, கீழே இறக்குவது என்பது மற்றொன்று. முதல் அசைவு எந்த ஜோடி என்று தேர்ந்தெடுக்கிறது: ஒன்று-இரண்டா, மூன்று-நான்கா, ரிவர்ஸா. இரண்டாவது அசைவு அந்த ஜோடியில் ஒரு கியரை உள்ளே தள்ளுகிறது. ஸ்டியரிங் குழாயை ஒட்டி ஓடும் கன்ட்ரோல் ஷாப்ட் முதல் அசைவுக்கு நீளவாக்கில் நகரும், இரண்டாவதுக்குத் தன் அச்சில் திரும்பும். அதன் அடிமுனையில் இரண்டு சின்ன லீவர்கள். அங்கிருந்து கியர் பாக்ஸுக்கு ராடு போகும். சில வண்டிகளில் தேர்ந்தெடுக்கும் அசைவுக்கு மட்டும் ராடுக்குப் பதில் கேபிள்.

கையில் இருந்து கியர் பாக்ஸ் வரை எத்தனை பின், எத்தனை புஷ் (பின்னோ ஷாப்டோ உள்ளே அசைய இடம் தரும் வளையம்), எத்தனை பால் ஜாயின்ட் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நூலளவு தேய்ந்தால் போதும், எல்லாம் சேர்ந்து லீவர் முனையில் ஒரு சாண் ஆட்டமாக வந்து நிற்கும்.

இன்னொரு சங்கதி: ஸ்டியரிங் குழாய் பாடியில் கட்டியிருக்கிறது. கியர் பாக்ஸ் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ராடு. ரப்பர் தொய்ந்தால் ராடு நீளம் மாறாமலே அளவு மாறிப்போகும். இதற்குக் கீழே திரும்பவும் வருவோம்.

முதலில் பிரித்துப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். கீழே படுக்கப் போகிறீர்கள் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள்.

இஞ்சின் ஆஃபில் இருக்கும்போது எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். ஆஃபில் சுலபமாக விழுந்த கியர் ஆனில் விழ மறுத்தால் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசியை விட்டுவிட்டு நேராகக் கிளட்ச் பகுதிக்குப் போகலாம்.

இரண்டிலும் ஒரே இறுக்கம் என்றால், இஞ்சினை நிறுத்திவிட்டு, லீவரை நியூட்ரலில் வைத்து, ராடு கியர் பாக்ஸ் லீவரோடு சேரும் இடத்தில் பின்னைக் கழற்றுங்கள். கேபிள் இருந்தால் அதையும். இப்போது மேலே லீவரை அசையுங்கள், கீழே கியர் பாக்ஸ் லீவரைக் கையால் தனியாக அசையுங்கள். மேலே இறுக்கம், கீழே சரி என்றால் கோளாறு ஸ்டியரிங் குழாயோடு ஒட்டிய பகுதியில். மேலே இலகு, கீழே இறுக்கம் என்றால் கியர் பாக்ஸ். கீழே சில கியர் முதல் தடவையில் விழாது. பல்லும் பல்லும் முட்டி நிற்கும். வண்டியை ஒரு ஆள் கொஞ்சம் தள்ளிவிட்டால் விழுந்துவிடும், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். இரண்டும் தனித்தனியாக இலகு, சேர்த்தால் மட்டும் இறுக்கம் என்றால் ராடு, கேபிள், அளவு, மவுண்டிங் இவற்றில் ஒன்று. அடிக்கடி வருவது இந்த மூன்றாவதுதான். அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிரித்த பிறகும் பலருக்குக் கோளாறு போவதில்லை.

தண்டையார்பேட்டையில் பியட் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவர், வண்டியைக் கொண்டுவந்தவர் வாயைத் திறப்பதற்குள் பின்னைக் கழற்றிவிடுவார். "மேல ஒண்ணும் இல்லப்பா, கீழ பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் என்ன கம்ப்ளெயின்ட் என்றே கேட்பார்.

காலையில் இறுக்கம், வெயில் ஏறினால் சரி

பிரித்துப் பார்த்ததில் மேல் பகுதிதான் என்று தெரிந்தால் இது காய்ந்த கிரீஸ், அல்லது துரு, அல்லது இரண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரமாக வண்டி நிற்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். உப்புக்காற்று பெயின்ட் இல்லாத இரும்பை விடாது, கன்ட்ரோல் ஷாப்ட் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் பெயின்ட் இருக்காது. ஓடாமல் நிற்கும் வண்டியில்தான் இது அதிகம். தினமும் ஓட்டுகிற வண்டியில் ஷாப்ட் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஹாரன் ஒயர், இண்டிகேட்டர் ஒயர் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன. ஸ்பேனர் ஒன்று தவறி உரசினால் போதும், புகையைப் பார்க்கலாம்.

அடிப்பக்க பிராக்கெட்டில் இருந்து தொடங்குங்கள். மேல் புஷ் உள்ளே, நிழலில் இருக்கிறது. கீழ் புஷ்தான் தண்ணீரும் புழுதியும் இஞ்சின் சூடும் வாங்குகிறது. பனியன் வேஸ்ட்டால் வெளியழுக்கைத் துடைத்துவிட்டு, துருவை இளக்கும் எண்ணெயை ஷாப்டும் புஷ்ஷும் சேரும் இடத்தில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் சின்ன லீவரைக் கையால் பிடித்து ஷாப்டை மெதுவாக முன்னும் பின்னும் திருப்பினால் செம்மண் நிறத்தில் ஒரு குழம்பு வெளியே கசியும். அதைத் துடைத்து, மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி திருப்பி, குழம்பு கறுப்பாகி, பிறகு எண்ணெய் வெறும் எண்ணெயாகவே வரும்வரை விடக்கூடாது. பழைய கிரீஸ் சில வண்டிகளில் கொட்டையெடுக்காத காய்ந்த புளி போல இறுகியிருக்கும். அதை எண்ணெயால் கரைக்க முடியாது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ், மூங்கில் குச்சி, பொறுமை, இவைதான் மருந்து. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் ஷாப்டில் கோடு விழும், அந்தக் கோட்டில்தான் அடுத்த துரு தொடங்கும்.

சுத்தமான பிறகு லித்தியம் கிரீஸ் கொஞ்சமாக வையுங்கள். விரல் நுனியில் எடுத்து ஷாப்டைச் சுற்றித் தடவினால் போதும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டியில் கிரீஸ் கன்னை வைத்துப் புஷ்ஷின் ஓரத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்து நிறுத்துங்கள். டபிள்யூ.டி.40 ஒன்றையே எல்லாவற்றுக்கும் அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது. கிரீஸ் செய்யும் வேலையை அது செய்யாது, சீக்கிரம் ஆவியாகிவிடும். அதிலும் மேலே இண்டிகேட்டர் சுவிட்ச் பக்கம் எதையும் பீய்ச்ச வேண்டாம்.

ஷாப்டில் துரு குழி விழுந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. அந்த இடத்தை லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து, அதற்கேற்ற புஷ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டியரிங்கும் சேர்ந்து இறுக்கம்

இது தனி ரகம், வைத்தியமும் சுலபம். டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டியரிங் குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஸ்டியரிங்கும் கியரும் அந்த நொடியே இளகினால், குழாய் கோணலாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். யாரோ வயரிங் வேலைக்காகக் கழற்றி, வாஷர் ஒன்றைத் தொலைத்து, அப்படியே முறுக்கிவிட்டிருப்பார்கள். இடைவெளிக்கு ஏற்ற வாஷர் வைத்து, குழாய் தானாக உட்காரும் இடத்தில் விட்டு, பிறகு முறுக்குங்கள். தளர்த்தியும் இளகாமல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஸ்டியரிங் பிடித்தால் குழாய் வளைந்திருக்கலாம். அதை வீட்டில் வைத்து நிமிர்த்த நினைக்க வேண்டாம்.

எந்த கியர் விழவில்லை என்று கவனியுங்கள்

"கியர் விழல" என்று பொதுவாகச் சொன்னால் மெக்கானிக்கும் பொதுவாகத்தான் தேடுவார். எந்தெந்த கியர் என்று சொன்னால் இடமே தெரிந்துவிடும்.

ஒன்றும் மூன்றும் லீவர் போகும் ஒரு திசை. இரண்டும் நான்கும் அதற்கு எதிர்த் திசை. ஒன்றும் மூன்றும் சுத்தமாக விழுகின்றன, இரண்டும் நான்கும் மட்டும் அரைகுறையாக நிற்கின்றன என்றால் (அல்லது அதற்கு நேர்மாறாக) மேலும் கீழும் போகும் ராடின் நீளம் தவறு. ஒரு பக்கத்துக்கு அதிகமாகவும் மறுபக்கத்துக்குக் குறைவாகவும் அசைவு போய்ச் சேர்கிறது.

ஒன்றும் இரண்டும் கிடைக்கவில்லை, மூன்றும் நான்கும் கச்சிதம் என்றால் கோளாறு தேர்ந்தெடுக்கும் அசைவில். கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், மடங்கியிருக்கலாம், அதன் உறை பிடியில் இருந்து நழுவியிருக்கலாம். ராடு என்றால் முனைப் புஷ் தேய்ந்திருக்கும். லீவர் ஒரு ஜோடியின் பக்கம் போய் அங்கேயே தங்கிவிடுகிறது, கையை எடுத்தால் திரும்பவில்லை என்றால் ஷாப்டைத் தள்ளி வைக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது சோர்ந்துவிட்டது.

முதல் கியர் மட்டும், அதுவும் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் அது கோளாறே இல்லை. இந்தப் பழைய நான்கு கியர் பாக்ஸ்களில் முதல் கியருக்கு சின்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். புதிதாக வாங்கியவர்களிடம் இதைச் சொல்லாமலே வண்டியை விற்றுவிடுகிறார்கள்.

அளவு வைப்பது இப்படி: மேலே லீவரை நியூட்ரலில், ஸ்பிரிங் தானாகத் தள்ளி வைக்கும் இடத்தில் விடுங்கள். கீழே கியர் பாக்ஸ் லீவரும் நியூட்ரலில் இருக்கட்டும். ராடின் முனையைச் சுற்றிச் சுற்றி, பின் எந்தப் பக்கமும் இழுக்காமல் தானாகத் துளைக்குள் வழுக்கி நுழையும் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். கையால் கொஞ்சம் அழுத்தினால் நுழைகிறது என்பது போதாது. அந்த அழுத்தம்தான் பிறகு கியர் விழாத இடத்தில் வெளிப்படும். லாக் நட்டை முறுக்கும்போது ராடு கூடவே திரும்பிவிடும், அதையும் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பின் எல்லாம் ஆடுகிற நிலையில் அளவு வைத்துப் பயன் இல்லை. ஆட்டத்தை முதலில் எடுக்க வேண்டும்.

லீவர் தொளதொளவென்று ஆடுகிறது

இது இறுக்கத்துக்கு நேர் எதிர் போலத் தோன்றும், ஆனால் இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். தேய்ந்த புஷ் ராடைக் கோணலாக விடும், கோணல் ராடு எங்கேயாவது போய்ப் பிடிக்கும்.

ஒருவரை உள்ளே உட்காரவைத்து லீவரை நிதானமாக அசைக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து டார்ச்சோடு பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் அசையத் தாமதமானால் அந்த மூட்டு போய்விட்டது. விரல் சொல்வது கண் சொல்வதைவிட நம்பகமானது.

உதிரிபாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போவதாக இருந்தால் பழைய பாகத்தைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். வாயால் சொல்லி வாங்கினால் பக்கத்து மாடலுக்கானதைக் கொடுத்துவிடுவார்கள், அது கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். புஷ் மட்டும் என்றால் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை லேத் பட்டறைகளில் கன்மெட்டலில் கடைந்து தருவார்கள். பின்னையும் சேர்த்துக் கொடுங்கள். தேய்ந்த பின்னுக்குப் புதுப் புஷ் போட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான். "டைட்டா போடுப்பா" என்று சொல்லாதீர்கள். விரலால் தள்ளினால் பின் நுழைய வேண்டும், நுழைந்த பிறகு ஆடக்கூடாது. டைட்டாகப் போட்ட புஷ்ஷோடு திரும்பி வந்தவர்களுக்குக் கட்டுரையை மேலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

மூட்டுப் பின் நழுவாமல் பூட்டும் ஸ்பிலிட் பின் மட்டும் பழையதைப் போடாதீர்கள். அதன் விலைக்கு ஒரு டீகூட வராது.

நடுத்தெருவில் மாட்டிக்கொண்டால்

லீவர் எந்தப் பக்கமும் வராது, கிளட்சை விட்டால் வண்டி இழுக்கும் அல்லது இஞ்சின் அணையும். தேய்ந்த மூட்டோடு அவசரமாக இரண்டில் இருந்து மூன்றுக்குத் தள்ளும்போது இது நேரும். ஒரு கியர் முழுக்க வெளியே வருவதற்குள் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் விரல் போன்ற இரும்புத் துண்டு அடுத்த ஜோடிக்குத் தாவப் பார்த்து நடுவில் மாட்டிக்கொள்கிறது. மூலக்கொத்தளம் பாலத்தில் பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது லீவரோடு மல்லுக்கட்டத் தோன்றும். வேண்டாம். பலத்தைக் காட்டினால் லீவரின் மேல் பின் ஒடியும், இல்லாவிட்டால் அந்த இரும்பு விரல் வளையும்.

இஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறங்கள். ஸ்டியரிங் குழாயின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன லீவரைக் கையால் பிடித்து நியூட்ரல் இடத்துக்குத் தள்ளுங்கள். அசைய மறுத்தால் இன்னொருவரை விட்டு வண்டியை முன்னும் பின்னும் சிறிது உலுக்கச் சொல்லுங்கள், பல்லில் இருக்கும் பாரம் விலகும்போது கிளிக் என்று வந்துவிடும். உலுக்குவதற்கு மட்டும் கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். சுத்தமாக எடுத்துவிடக் கூடாது. செவர்லே, பிளிமத், டாட்ஜ் போன்ற மூன்று கியர் அமெரிக்க வண்டிகளில் கியர் பாக்ஸுக்கு இரண்டு தனி ராடு போகும். அங்கே இரண்டு லீவரையும் ஒரே நேர்கோட்டில், நியூட்ரலில் நிறுத்த வேண்டும்.

இப்படி விடுவித்த பிறகு வீடு வரை ஓட்டலாம். கியர் மாற்றும்போது நியூட்ரலில் ஒரு நொடி நின்று மாற்றுங்கள். ஆனால் இது திரும்ப வரும், மூட்டுகளைப் பார்க்கும்வரை வந்துகொண்டே இருக்கும். ராடைக் கழற்றிய பிறகும் கியர் பாக்ஸ் லீவர் நியூட்ரலுக்கு வரவில்லை என்றால் மட்டுமே கியர் பாக்ஸின் மூடியைத் திறக்க வேண்டியிருக்கும்.

ஆஃபில் விழுகிறது, ஆனில் விழவில்லை

கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. உறுதி செய்ய: இஞ்சின் ஓட, கிளட்சை மிதித்து, ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பொறுத்த பிறகும் கரகரவென்று அறைந்தால் சந்தேகம் வேண்டாம்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் அளவு, கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம், இரண்டையும் பாருங்கள். ஒருவர் மிதிக்க, ஸ்லேவ் சிலிண்டரின் ராடு கண்ணுக்குத் தெரியும் அளவு வெளியே வர வேண்டும். லேசாக மட்டும் அசைந்தால் உள்ளே காற்று, அல்லது உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. பெடலைப் பலமுறை அடித்தால் சரியாகி, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மோசமானாலும் அதேதான். இதில் ஊற்றும் பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். நம் பக்கத்து ஈரப்பதத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு என்று இஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் முழுவதும் ஊதிப்போகும், பிறகு ஒரு சிலிண்டரும் தப்பாது. கேபிள் அல்லது ராடு கிளட்ச் என்றால் பெடலின் ஆட்டத்தைச் சரி செய்தாலே பல நேரம் முடிந்துவிடும்.

நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டே பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். அது வேறு வேலை.

விழுந்த கியர் ஸ்லிப் ஆகிறது

கியர் ஒழுங்காக விழுகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலோ மேடு ஏறினாலோ தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கியர் பாக்ஸுக்குள் லாக் பால், ஸ்பிரிங், ஃபோர்க் தேய்ந்தாலும் இப்படி வரும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் மவுண்டிங்கைப் பாருங்கள்.

பெரம்பூரில் ஒரு பியட், மேம்பாலம் ஏறும்போதெல்லாம் இரண்டாவது கியரை உதறியது. ஒரு பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து, தேய்ந்தது என்று சில சாமான் மாற்றி, ஏற்றினார்கள். அதே பாலம், அதே உதறல். கடைசியில் மாற்றியது கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர். ஆயில் கசிந்து ஊறி, ஒரு பக்கம் சப்பையாகிக் கிடந்தது. இஞ்சின் பாரம் எடுக்கும்போது கியர் பாக்ஸ் பின்னால் சாயும், ராடு கியரை வெளியே இழுக்கும், அவ்வளவுதான் விஷயம்.

சோதிக்கும் முறை ஒன்று உண்டு. கியர் பாக்ஸுக்கு அடியில் பலகை வைத்து, ஜாக்கியால் மெல்ல, பாரம் தாங்கும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். வண்டி ஸ்டாண்டில் இருக்க வேண்டும், நீங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் தூக்கியதும் லீவர் இலகுவானால் மவுண்டிங்தான். இதையே எல்லா இறுக்கத்துக்கும் செய்து பார்க்கலாம், செலவில்லாத சோதனை.

ஓடி ஓடிச் சூடேறிய பிறகுதான் இறுக்கம்

கேபிளோ ராடோ எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். யாராவது கேபிளை மாற்றும்போது கிளிப்பை விட்டிருப்பார்கள், உறை உருகி உள்கம்பியைப் பிடித்திருக்கும். அது இல்லையென்றால் சூடேறியபின் கிளட்ச் ஆயில் தன் வேலையைக் காட்டுகிறதா என்று மேலே சொன்ன சோதனையைச் சூட்டோடு செய்யுங்கள்.

குளிரில் இறுக்கம், கியர் பாக்ஸ் லீவரிலேயே இறுக்கம் என்றால் தவறான ஆயில். கெட்டியாக இருந்தால் நல்லது என்று ஊற்றுகிறார்கள். வண்டிக் கைப்புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான். ஜிஎல்-5 என்று டப்பாவில் இருக்கும் சில ஆயில்கள் சின்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கும். கியர் ஆயிலே போடச் சொல்லியிருந்தால் ஜிஎல்-4 பார்த்து வாங்குங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னையில் வண்டி வைத்திருந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வண்டல் புகுந்த புஷ்ஷுக்கு கிரீஸ் அடித்தால் வண்டல் உள்ளேயே தங்கி அரைத்துக்கொண்டிருக்கும். கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். அப்போது எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் ரப்பர் புஷ், மவுண்டிங், தூசு உறை எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊதி, மிருதுவாகி, அழுத்தினால் திரும்பாது. வெளியில் பார்க்கப் புதிது போலத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கியர் பாக்ஸ் ஆயில் பாலேறின நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதை வடித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும்.

கோர்த்த பிறகு

பேட்டரியை மாட்டும் முன், இஞ்சின் ஆஃபில் எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் உட்பட. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ராடோ கேபிளோ எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஓட்டிப் பார்க்க எண்ணூர் விரைவுச்சாலை பக்கம் போகாதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கியர் மாட்டிக்கொண்டால் இறங்கிப் பானெட்டைத் திறக்கக்கூட இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் தெருவே போதும்.

ஒரு வாரம் ஓடிய பிறகு லாக் நட்டுகளை மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புது புஷ் உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும். டேஷ்போர்டு பெட்டியில் ஸ்பிலிட் பின் நாலைந்து, கட்டுக்கம்பி ஒரு துண்டு, டார்ச், ராடு முனைக்குப் பொருந்தும் ஸ்பேனர் இரண்டு போட்டு வையுங்கள்.